கடலுக்கும் ஏரிக்கும் ஒரே கோடு

துறைமுகத்துக்குப் பின்னால் இருக்கும் தெருவில் தார்ப்பாய் தைக்கிற அம்மாளைப் பற்றி யாரைக் கேட்டாலும் இரண்டு சங்கதி சொல்வார்கள். ஒன்று, அவர் தைத்த லாரிப் பாயில் மழை ஒழுகியதாகச் சரித்திரமே கிடையாது. இன்னொன்று, அவர் தபாலாபீஸ் படியேறுவதைப் பார்த்தாலே கவுன்டரில் இருப்பவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்துவிடுவார். முதல் சங்கதியோடு நிறுத்திக்கொள்கிறவர்களுக்கு இந்த அம்மாளைப் பாதிதான் தெரியும்.

பாதி என்றதும் ஞாபகம் வருகிறது. அவர் வேலை செய்யும் முன்னறைக்குள் புதிதாக நுழைகிறவர்களுக்கு நிஜமாகவே பாதி அம்மாள்தான் கண்ணில் படுவார். தரையில் குழி வெட்டி, அதற்குள் தையல் மெஷினை இறக்கி, மெஷினின் மேல்பலகையும் சிமென்ட் தரையும் ஒரே மட்டத்தில் இருக்கும்படி வைத்திருக்கிறார். குழிக்குள் காலைத் தொங்கவிட்டு உட்கார்ந்தால், எவ்வளவு பெரிய பாயும் தரையிலேயே வழுக்கிக்கொண்டு ஊசிக்கு வந்து சேரும். தூக்கிச் சுமக்கிற வேலையே இல்லை. யோசனை அவருடையது. குழியை வெட்டியது வீட்டுக்காரர். துறைமுகக் கிடங்கில் பெட்டிகளின் மேல் ஒட்டியிருக்கும் விலாசச் சீட்டுகளைச் சரிபார்க்கிற உத்தியோகம் அவருக்கு. "என் பொண்டாட்டிய நானே குழியில எறக்கிட்டேன்" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொல்வார். கேட்டவர் சிரிக்காவிட்டால் இன்னொரு தடவை சொல்வார்.

இனி தபாலாபீஸ் சங்கதி. தபால் கலை என்று ஒன்று இருக்கிறது. அட்டையோ துணியோ மரத்துண்டோ, கைக்குக் கிடைத்ததில் எதையாவது செய்து, உறைக்குள் போடாமல் அப்படியே ஸ்டாம்ப் ஒட்டி, முகம் தெரியாத ஒருவருக்கு அனுப்பவேண்டும். வழியில் விழுகிற முத்திரை, கசங்கல், மழைத் துளி எல்லாம் சேர்ந்ததுதான் படைப்பு. இதை விற்கக்கூடாது. போட்டி கிடையாது, பரிசு கிடையாது. வந்ததற்குப் பதில் போட்டே ஆகவேண்டும், அவ்வளவுதான் சட்டம். ஊர் ஊராக இந்தப் பைத்தியம் பிடித்தவர்கள் இருக்கிறார்கள். நம் அம்மாள் எப்படி மாட்டினார் என்றால், பாய் தைக்கக் கொடுத்த ஒருவர், பாயின் ஓரத்தில் கயிறு கோக்கப் பதிக்கிற வளையங்களைப் பழைய பத்திரிகைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்தார். அந்தத் தாளில் ஒரு நூலகத்தின் அறிவிப்பு இருந்தது: தண்ணீரைப் பற்றி யார் எதை அனுப்பினாலும் சுவரில் மாட்டுவோம். யார் எதை அனுப்பினாலும் என்ற வார்த்தை அம்மாளுக்குப் பிடித்துவிட்டது.

நீலத் தார்ப்பாயில் அட்டை அளவுக்கு ஒரு துண்டு வெட்டினார். கீழிருந்து மூன்று விரல் உயரத்தில் வெள்ளை நூலால் குறுக்கே ஒரே கோடு தைத்தார். கடல் தயார். ஆனால் தார்ப்பாயில் ஸ்டாம்ப் ஒட்டுமா? பசை தடவத் தடவ உரிந்து வந்தது. அம்மாள் என்ன சாமானியமா, ஸ்டாம்பைச் சுற்றிலும் மெல்லிய ஊசியால் தைத்தே விட்டார். ஓட்டை போட்ட ஸ்டாம்ப் செல்லாது என்றார் கவுன்டர்காரர். எந்த விதியில் அப்படி இருக்கிறது, காட்டுங்கள் என்று அம்மாள் ஒற்றைக்காலில் நின்றார். பின்னால் வரிசை வாசல்வரை நீண்டது. மனிதர் புத்தகத்தைப் புரட்டிப் புரட்டிப் பார்த்துவிட்டு, கடைசியில் தொலையட்டும் என்று முத்திரையைக் குத்தினார். அந்த மனிதரே இப்போது, "அக்கா, இந்த ஓரத்துல குத்தட்டுமா, படம் கெட்டுடாதே?" என்று கேட்கிற நிலைமைக்கு வந்துவிட்டார். அது வேறு கதை.

நூலகத்திலிருந்து ஒரு புகைப்படமும் அனுப்பியவர்களின் விலாசங்களும் வந்தன. படத்தில் அம்மாளின் நீலத் துண்டுக்குப் பக்கத்திலேயே யாரோ ஒருவரின் சாம்பல் நிற அட்டை தொங்கியது. அதிலும் ஒரே கோடு. பெயின்டில் போட்டது, அதே மூன்று விரல் உயரம். இந்த அட்டையில் முடிந்த கோடு அந்த அட்டையில் தொடர்வதுபோல இருந்தது. பேசிவைத்துச் செய்தாலும் இவ்வளவு கச்சிதமாக அமையாது. அனுப்பியவர் தொலைதூரத்து ஏரிக்கரை ஊர் ஒன்றில் வாடகைப் படகுகளுக்குப் பெயின்ட் அடிக்கும் பெண். அம்மாள் அன்றைக்கே அந்த விலாசத்துக்கு இன்னொரு கோடு தைத்து அனுப்பினார். பெயர் எழுதவேண்டிய இடத்தில் 'ஏரி' என்று எழுதினார். பதில் 'கடல்' என்ற பெயருக்கு வந்தது. தபால்காரர் கொஞ்சமும் தயங்காமல் நேரே குழி ஓரத்தில் கொண்டுவந்து கொடுத்தார்.

அப்படியே வருஷங்கள் ஓடின. யாரும் யாருக்கும் சட்டம் போடவில்லை, தானாகச் சில சட்டங்கள் உண்டாகிவிட்டன. கோடு எப்போதும் மூன்று விரல் உயரத்தில்தான் இருக்கும். கோட்டுக்கு மேலேயோ கீழேயோ எதையாவது சேர்க்கலாம். ஆனால் சேதி என்று ஒரு வார்த்தைகூட எழுதக்கூடாது. போட்டோ கூடாது, போன் கூடாது. வருகிற அட்டையை அம்மாள் கையோடு முன்னறைச் சுவரில் குண்டூசியால் குத்திவிடுவார். தான் அனுப்புகிறவற்றுக்கும் ஒரு நகல் தைத்து, நடுநடுவே வைப்பார். கோட்டோடு கோடு சேர்ந்து, அறையைச் சுற்றி ஒரே நீர்மட்டம் ஓடியது. குழிக்குள் உட்கார்ந்து நிமிர்ந்தால் அம்மாளின் கண்ணுக்கு நேராக அந்தக் கோடுதான் தெரியும். எனக்குத் தெரிந்து அந்தத் தெருவில் நடுக்கடலில் உட்கார்ந்து வேலை பார்த்தது அவர் ஒருத்திதான்.

வார்த்தை இல்லாவிட்டால் என்ன, எல்லாம் தெரிந்துகொண்டார்கள். மாமியார் இறந்த வாரம் அம்மாள் அனுப்பியது வெறும் கோடு. மேலே எதுவும் இல்லை, கீழே எதுவும் இல்லை. ஏரியிலிருந்து வந்த பதிலில் கோட்டுக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு பெஞ்சு வரைந்திருந்தது, இரண்டு பேர் உட்காரும் அளவுக்கு. வீட்டுக்கு வந்தவர்கள் மணிக்கணக்கில் ஆறுதல் சொன்னபோதெல்லாம் கல்லுப்போல இருந்தவர், அந்தப் பெஞ்சைப் பார்த்து உடைந்துபோய் அழுதார். "பாத்தீங்களா, எனக்கு ஒண்ணுன்னா அவளுக்குத் தெரிஞ்சுடுது. அவளுக்கு ஒண்ணுன்னா எனக்கும் தெரிஞ்சுடும்" என்று வீட்டுக்காரரிடம் சொன்னார். சொன்னதில் கொஞ்சம் கர்வமும் இருந்தது, இருக்கத்தானே செய்யும்.

அந்தக் கர்வத்துக்குத்தான் அடி விழுந்தது.

ஒரு மழைக்காலத்தில் ஏரியிலிருந்து வந்த அட்டையில் கோடு சரிந்திருந்தது. இடப்பக்கம் மூன்று விரல் உயரத்தில் ஆரம்பித்து, வலப்பக்கம் அட்டையின் அடியில் போய் விழுந்தது. அம்மாளுக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். இத்தனை வருஷம் நேராகவே போட்டவள் இப்போது விளையாடத் தொடங்கிவிட்டாள், தண்ணீரையே சாய்த்துவிட்டாள், என்ன துணிச்சல் பாருங்கள் என்று தபால்காரரைக்கூட நிறுத்திவைத்துக் காட்டினார். விளையாட்டுக்கு விளையாட்டு. பதில் அட்டையில் இவரும் ஒரு சரிவுக்கோடு தைத்து, அதில் ஒரு படகு சறுக்கிக்கொண்டு போவதுபோலவும், படகுக்குள் ஒரு பெண் பயந்துபோய்க் குடையைப் பிடித்திருப்பதுபோலவும் துணி வெட்டி ஒட்டினார். அடுத்து ஏரியிலிருந்து வந்த கோடு இன்னும் மோசமாகச் சரிந்து, நடுவில் நெளிந்தும் இருந்தது. அம்மாள் விழுந்து விழுந்து சிரித்தார். இந்தத் தடவை சரிவின் கீழ்முனையில், சிந்துகிற தண்ணீரைப் பிடிக்க ஒரு பக்கெட்டைத் தைத்து அனுப்பினார். சிவப்பு பக்கெட், கைப்பிடிக்கு நிஜக் கம்பி. சும்மா சொல்லக்கூடாது, வேலை பிரமாதம்.

அதற்குப் பிறகு ஏரியிலிருந்து எதுவும் வரவில்லை.

ஒரு மாதம் தபாலின்மேல் பழிபோட்டார். இரண்டாம் மாதம் தபால்காரர் சைக்கிளை மிதித்துத் தெருவைத் தாண்டும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டார், பாவம் அவர் என்ன செய்வார். மூன்றாம் மாதம் அம்மாளின் தையலில் ஒரு பிசகு நேர்ந்தது. ஒரு கடைக்காரரின் பந்தல் பாயை உள்வெளி மாற்றித் தைத்துவிட்டார். பிரித்துக்கொண்டே வீட்டுக்காரரிடம், தன் பக்கெட்டுதான் எதையோ கெடுத்துவிட்டது, அவளுக்குக் கோபம், கிண்டல் எல்லை மீறிவிட்டது என்று புலம்பினார். அவர் கேட்டுக்கொண்டே இருந்துவிட்டுத் தயங்கித் தயங்கிச் சொன்னார்.

"ஒண்ணு கேக்கணும்னு இருந்தேன். உன் சிநேகிதி ஏன் விலாசத்த ஆள் விட்டு எழுதுது?"

அம்மாளுக்குப் புரியவில்லை. வீட்டுக்காரர் எழுந்துபோய், சரிந்த கோடு போட்ட அட்டைகள் இரண்டையும் குண்டூசியிலிருந்து விடுவித்துத் திருப்பிக் காட்டினார். ஏரிக்காரி விலாசம் எழுதுவது எப்போதும் தூரிகையால்தான், படகின் முகப்பில் எண் எழுதுகிற அதே உருண்டை எழுத்து. இந்த இரண்டிலும் பால்பாயின்ட் பேனாவால் யாரோ அவசரமாகக் கிறுக்கியிருந்தார்கள். வீட்டுக்காரருக்கு வாழ்க்கை முழுக்க விலாசப் பக்கம் படித்துத்தான் பழக்கம். அம்மாளுக்கோ படம் இருக்கும் பக்கம்தான் உலகம். வந்ததும் சுவரில் குத்திவிடுகிற அவசரத்தில் பின்பக்கத்தைப் பார்த்ததே இல்லை. "உனக்குத் தெரியும்னு நெனச்சேன்" என்றார் அவர்.

தூரிகை பிடிக்கிறவள் விலாசத்துக்கு இன்னொருவர் கையைத் தேடினால், அவள் கைக்கு என்ன ஆனது? சரிந்தது விளையாட்டு இல்லையா? எனக்கு ஒன்றென்றால் பெஞ்சு போட்டவளுக்கு நான் பக்கெட் வைத்தேனே என்று அம்மாள் குழியின் விளிம்பிலேயே உட்கார்ந்துவிட்டார். நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம்போல இருந்தது. எழுதிக் கேட்கலாம் என்றார் வீட்டுக்காரர். எழுதினால் சட்டம் மீறியதாகிவிடும் என்றார் அம்மாள். நேரில் போவது மட்டும் சட்டமா என்று அவர் கேட்டுக்கொண்டிருக்கும்போதே அம்மாள் பையில் துணிகளைத் திணித்தார். தைத்துக் கொடுக்கவேண்டிய பாய்கள் அப்படியே கிடந்தன. அவர் வாழ்க்கையில் சொன்ன தேதிக்கு வேலை கொடுக்காதது அந்த ஒரு முறைதான்.

பஸ் மாறி, பஸ் மாறி, மறுநாள் காலை ஏரிக்கரையில் இறங்கினார். படகுத் துறையில் பழுதுபார்க்கக் கரையேற்றிய படகுகள் வரிசையாகக் குப்புறக் கிடந்தன. ஒவ்வொன்றின் இடுப்பிலும் தண்ணீர் தொடும் உயரத்தைக் காட்டும் வெள்ளைக் கோடு. யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை, கோட்டைப் பார்த்ததுமே யார் கை என்று தெரிந்தது. டேப் ஒட்டாமல், ஒரே மூச்சில் இழுத்த கோடு, முனையில்கூடத் தடுமாற்றம் இல்லை. அம்மாள் ஒவ்வொரு படகாகத் தொட்டுக்கொண்டே நடந்தார். கடைசிப் படகில் நின்றார். புதுப் பெயின்ட். டேப் ஒட்டி அடித்த கோடு, ஓரமெல்லாம் கசிந்திருந்தது. இன்னொருவர் வேலை.

கொட்டகைக்குள்ளிருந்து படகு வாடகைக்கு விடுகிறவர் வந்தார். தான் யார் என்று அம்மாள் சொன்னதும் அந்த மனிதர் ஏற இறங்கப் பார்த்தார்.

"பக்கெட் வச்ச கடல் நீங்கதானா?"

அம்மாளின் முகத்தில் ஈயாடவில்லை. வந்தவர் அந்தப் பெயின்டர் பெண்ணின் தம்பி. அக்காவுக்கு மழைக்கு முன்னால் பக்கவாதம் வந்து வலது கை விழுந்துவிட்டதாகவும், கால் பரவாயில்லை என்றும், வாய் கொஞ்சம் குழறும் என்றும் சொன்னார். விலாசம் எழுதியது தான்தான் என்றார். ஒரு வரி சேர்த்து எழுதவா என்று கேட்டதற்கு அக்கா அடிக்காத குறையாகத் தடுத்துவிட்டாளாம். மேலே போங்கள் என்று மரப்படியைக் காட்டினார்.

மாடி அறையில் ஏரியைப் பார்த்த ஜன்னலோரமாக ஒரு பெண் உட்கார்ந்திருந்தார். ஏறக்குறைய அம்மாளின் வயதுதான். வலது கை மடியில் கிடந்தது. இடது கையில் தூரிகை. சுவரைச் சுற்றி அம்மாளின் தார்ப்பாய்த் துண்டுகள், ஒரே மட்டத்தில். தலைமாட்டில், கண் விழித்ததும் தெரியும் இடத்தில், சிவப்பு பக்கெட்.

"வா, கடலு" என்றார் அவர், எழுந்திருக்காமலே. வருஷக்கணக்கில் பழகியவர்களுக்கு நீங்க நாங்க எல்லாம் எதற்கு.

அம்மாள் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தார். வழியெல்லாம் மனப்பாடம் செய்துகொண்டு வந்தது ஒரு வார்த்தைகூட வரவில்லை. பக்கெட்டைக் காட்டிக் கையை ஆட்டினார், அவ்வளவுதான் முடிந்தது. பெயின்டர் குழறலோடு மெதுவாகச் சொன்னார்.

"வந்தவங்கல்லாம் குரலத் தாழ்த்திப் பேசிட்டுப் போனாங்க. நீ ஒருத்திதான் பக்கெட் வச்ச. அன்னிக்குத்தான் நான் சிரிச்சேன்."

பிறகு ஏன் அனுப்பவில்லை என்று அம்மாள் கேட்டார். பெயின்டர் தலையால் கட்டிலடியைக் காட்டினார். அங்கே ஒரு பெயின்ட் பெட்டி. அது நிறைய அட்டைகள். இடது கையால் போட்ட கோடுகள். எல்லாம் சரிந்தவை. சில ஏறின, சில இறங்கின, ஒன்றுகூட மட்டமாக இல்லை. நேராக ஒரே ஒரு கோடு வந்தால் போதும், அதைக் கடைசி அட்டையாக அனுப்பிவிட்டு நிறுத்திக்கொள்ளலாம் என்று இருந்தாராம். இனியும் சாய்ந்த கோட்டை அனுப்பி உன் சுவரைக் கெடுக்க மனசு வரவில்லை, கோடுதான் நான், அது இல்லாமல் உனக்கு நான் யார் என்றார். அழவில்லை. வேலையை விட்டு நிற்கப்போகிற ஒருவர் கணக்கை முடித்துச் சொல்வதுபோலச் சொன்னார்.

அம்மாளுக்கு ஆறுதல் சொல்ல வராது. அந்த வித்தை அவருக்குத் தெரிந்திருந்தால் மாமியார் சாவுக்கு வந்தவர்களையும் பொறுத்துக்கொண்டிருப்பார். எல்லாம் சரியாகிவிடும் என்று சொல்லவில்லை. நன்றாகத்தான் இருக்கிறது என்று பொய்யும் சொல்லவில்லை. "குண்டூசி இருக்கா?" என்று கேட்டார்.

தம்பி கீழேயிருந்து ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தார். பக்கெட்டுக்குப் பக்கத்தில் வெறுஞ்சுவர் இருந்தது. அம்மாள் பெட்டியிலிருந்து முதல் அட்டையை எடுத்தார். வழக்கம்போல நேராகப் பிடித்தால் கோடு சரிந்தது. அப்போது அவர் செய்ததை நினைத்தால் இன்னும் எனக்கு அந்த அம்மாளின்மேல் பொறாமையாக இருக்கிறது. கோட்டைத் தொடவில்லை. அட்டையைச் சாய்த்தார். கோடு மட்டத்துக்கு வரும்வரை சாய்த்து, குத்தினார். அட்டை கோணலாக நின்றது, தண்ணீர் நேராக நின்றது. அடுத்த அட்டையை எதிர்ப்பக்கம் சாய்த்து, முதல் கோடு முடிந்த இடத்தில் இந்தக் கோடு தொடங்கும்படி குத்தினார். அதற்கடுத்தது கிட்டத்தட்ட தன் ஒற்றை மூலையை ஊன்றி நின்றது. நெளிந்த இடத்தில் சின்ன அலையாகிவிட்டது, ஏரியில் அலை இல்லையா என்ன. அட்டைகள் ஆளுக்கொரு பக்கம் திரும்பிக்கொண்டிருக்க, நடுவில் நீர்மட்டம் மட்டும் ஜன்னல்வரை போய்ச் சேர்ந்தது.

தம்பி வாயைப் பிளந்தபடி நின்றார். பெயின்டர் தூரிகையைக் கீழே வைத்துவிட்டு, ஒரு கண்ணை மூடி, படகின் இடுப்பைப் பார்க்கிற மாதிரி சுவரைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார். பிறகு இடது கையை நீட்டினார்.

"மூணாவது ஒரு நூல் எறங்கியிருக்கு. தூக்கு."

அம்மாள் போய்ப் பார்த்தார். இறங்கித்தான் இருந்தது. குண்டூசியைப் பிடுங்கி, தூக்கிக் குத்தினார். இப்போது என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் என்றார் பெயின்டர். அப்புறம் அன்றைக்கு முழுவதும் ஒருவர் உட்கார்ந்த இடத்திலிருந்து ஏவ, இன்னொருவர் சுவரோடு மல்லுக்கு நிற்க, வேலை நடந்தது. சாயங்காலம் அம்மாள் பஸ் ஏறினார். அடுத்த அட்டை எப்போது வரும் என்று கேட்கவில்லை. வரும் என்று சொல்லவும் இல்லை. ஊர் வந்து சேர்ந்ததும் முதல் வேலையாக, தன் சுவரிலிருந்த இரண்டு சரிவுக்கோடுகளையும் பிடுங்கிச் சாய்த்துக் குத்தினார். பிறகு குழிக்குள் இறங்கி, தேதி தவறிய பாய்களைத் தைக்க ஆரம்பித்தார்.

சில வாரங்கள் கழித்து ஒரு மத்தியானம், சைக்கிள் மணிச் சத்தம் கேட்டது. தபால்காரர் வாசலிலேயே நின்று, ஒரு அட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துப் படித்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுக்கு வந்திருந்த வீட்டுக்காரர் அதை வாங்கினார். அம்மாள் குழியிலிருந்தபடியே, படத்தைக் காட்டச் சொல்லிக் கையை நீட்டினார். அவர் கொடுக்கவில்லை. பழக்கப்படி விலாசத்தைத்தான் முதலில் படித்தார். எழுத்துகள் பெரிது பெரிதாக, குழந்தை எழுதியதுபோல, மேல்மூலையில் ஆரம்பித்துக் கீழ்மூலைக்குச் சரிந்து இறங்கின. எல்லாம் தூரிகையால் எழுதியவை.

"அவங்களேதான் எழுதியிருக்காங்க" என்றார்.

அம்மாள் அட்டையை வாங்கினார். இந்தத் தடவை திருப்பிப் படம் பார்க்கவில்லை. விலாசப் பக்கத்தையே வெகுநேரம் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, குண்டூசி டப்பாவை எடுத்து வரச் சொன்னார்.